சின்னச் செண்பகத்தின் ஓட்டு

என் மகளுடைய பேத்தியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கேட்டது இதுதான்: "பூட்டா, சட்டையெல்லாம் தெப்பமா நனைஞ்சிருக்கே, அங்கனயும் கரண்ட் இல்லையா?" அப்போது என் மகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அந்தப் பேத்தி பிறக்க இன்னும் முப்பது வருடம் கிடந்தது.

எனக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். படுகைச் சட்டம் வந்த பிறகு எங்கள் ஊரில் எல்லோருக்கும் இதே கதிதான்.

நெடுங்கையாறு மலையில் பிறந்து கடலில் விழுகிறவரை, அந்த மொத்தப் படுகைக்கும் ஒரே மின் திட்டம் போட்டிருந்தார்கள். படிப்படியாக அணைகள். மேல் அணையில் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீரே அடுத்த அணையிலும் சுற்றும், அதற்கடுத்ததிலும் சுற்றும். அந்தப் படிக்கட்டில் பெரிய படி எங்கள் மேலக்கடவு. இங்கே தண்ணீரைத் தேக்கினால்தான் கீழே கட்டுவதெல்லாம் ஓடும், இல்லாவிட்டால் அவை வெறும் கல்லும் சிமெண்டும். ஆகவே ஊர் முழுக வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், அதற்கு எதிரே இருக்கும் என் கடை, எல்லாமே.

கடையின் பெயர் பூதத்தான் சவுண்ட் சர்வீஸ். பூதத்தான் நான்தான். ஆளுங்கட்சிக்கும் நான்தான் மைக், எதிர்க்கட்சிக்கும் நான்தான் மைக், சாமி கொடைத் திருவிழாவுக்கும் நான்தான். அணை வேண்டாம் என்று ஊர் கிளம்பியபோது ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு படுகை முழுக்க முழங்கியவனும் நான்தான். நான் சொன்னால் ஊர் கேட்கும். "பேச்சுக்காக இல்லப்பா, சத்தம் தாங்காம கேக்காவ" என்பாள் என் மகள் செண்பகம். தாய் இல்லாமல் வளர்த்த பெண், வாய் அப்படித்தான் இருக்கும்.

படுகைத் திட்டக் குழுவிலிருந்து தாட்சாயணி என்ற அதிகாரி வந்து கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். மைக் என்னுடையது. நூறு வருடம் நிற்கப்போகிற ஒன்றைக் கட்டுவதற்கு, அந்த நூறு வருடத்தில் பிறக்கப்போகிறவர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது சட்டம் என்றார். அவர்களுக்கு 'வருவோர்' என்று பெயர்.

"பொறக்காதவன்கிட்ட எப்படிம்மா ஓட்டு வாங்குவிய? சுடுகாட்டு ஓட்டு கேள்விப்பட்டிருக்கேன், இது புதுசா இருக்கே" என்றேன். மண்டபமே சிரித்தது.

அவரும் சிரித்தார். "இப்ப இருக்கிறவங்களோட ரத்தம், நோய், படிப்பு, பழக்கம் எல்லாம் கருவிக்குத் தெரியும் சார். யார் யாரைக் கட்டுவாங்க, என்ன குழந்தை பிறக்கும், அது எப்படி வளரும்னு கணக்குப் போட்டு அது உள்ளேயே வளர்த்துடும். நகரத்துல இது ரொம்பக் கஷ்டம். யாரைக் கட்டப்போறோம்னு கட்டுறவங்களுக்கே தெரியாது. அதனால அங்கே வருவோர் எல்லாம் புகை மாதிரி வர்றாங்க, முகமே இருக்காது. உங்க ஊர் அப்படி இல்ல. அத்தை மகன், மாமன் மகள்னு தொட்டில்லயே பேசி முடிச்சிடுறீங்க. எந்தப் பேரனுக்கு யார் பேர் வைக்கிறதுங்கிறதுகூட முன்னாடியே முடிவாயிடுது. இந்தப் படுகையிலேயே முகமும் பேரும் குரலுமா வர்றவங்க உங்க ஊர் வருவோர் மட்டும்தான். அதனால சட்டப்படி அவங்க ஓட்டுக்குத்தான் எடை அதிகம்."

ஜனங்கள் கைதட்டினார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுக்கிறோம் என்று டாக்டர் முதல் வாத்தியார் வரை எங்களைத் திட்டித்தான் கேட்டிருக்கிறோம். அரசாங்கமே பாராட்டுகிறது என்றால் சும்மாவா? எங்கள் பேரன் பேத்திகள் எங்கள் ஊரையா முக்குவார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்புக்கொண்டோம்.

ஓட்டு வந்தது. மேலக்கடவின் வருவோரில் பெரும்பாலோர் அணை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிற எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு உரிமை, ஆட்சேபம். ஊர் ஆட்சேபித்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வருவோரோடு ஒரு முறை பேச வேண்டும் என்று தாட்சாயணி கேட்டுக்கொண்டார். மண்டபத்தில் கறுப்புத் திரை கட்டி உள்ளே ஒரு பெரிய திரையை வைத்தார்கள். செண்பகத்துக்கு அன்றைக்கு பஸ் ஓட்டும் லைசென்சுக்குத் தேர்வு. "பொறக்காததோட எனக்கு என்ன பேச்சு, நீங்களே பேசிட்டு வாங்க" என்று போய்விட்டாள். அதனால் நான் மட்டும் உள்ளே போனேன், நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று.

பத்து வயதிருக்கும். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு இருட்டான அறையில் உட்கார்ந்திருந்தாள். என் சட்டையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வணக்கமே சொன்னாள்.

"பேரு என்னளா?"

"செண்பகம். எங்க அப்பாவோட அம்மா பேரு."

மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். என் தங்கை உலகம்மாளின் மகன் கந்தப்பழம்தான் என் செண்பகத்துக்கு முறை மாப்பிள்ளை. அந்தக் கல்யாணம் நடந்து, அவர்களுக்குப் பிறக்கும் மகனுக்கு மகள் இவள். மூக்கும் எடுத்தெறிந்து பேசுவதும் என் மகள்தான். கேட்க நினைத்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

"யாம்ளா இப்படிச் செஞ்ச? ஊர் முங்கிரும்லா? நீ விளையாடுத தெரு முங்கிரும்லா?"

"நான் தெருவுல விளையாடுனதே இல்லையே பூட்டா. பகல்ல வெளிய வந்தா மயங்கி விழுந்துருவோம். பள்ளிக்கூடமே பொழுது சாஞ்சப்புறம்தான். கரண்ட் எப்பவாது வரும். வந்தா தம்பியைத் தூக்கி ஃபேனுக்கு நேரா போடுவோம், அவனுக்கு மூச்சு இழுக்கும்." அவள் துண்டைப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டாள். "நீங்கதான் ஊர்ல பெரிய சத்தக்காரராமே. சம்மதம்னு சொல்லுங்க பூட்டா. உங்க கால்ல விழுதேன்."

நான் எத்தனையோ பேரைப் பேசியே மடக்கியவன். அந்த ஈரத் துண்டிடம் தோற்றுப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்து என் மைக்கையே கையில் எடுத்து, ஆட்சேபம் வேண்டாம், பிள்ளைகள் கருகுகிறார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மற்ற வீட்டாரும் அதே கதையைக் கேட்டுவிட்டுத்தான் நின்றார்கள், யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அத்தோடு மேலக்கடவு முடிந்தது.

மாற்று இடத்தைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் செண்பகத்துக்கும் நகரத்து ஓரத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு. உலகம்மாளுக்கும் கந்தப்பழத்துக்கும் படுகையின் மறுகோடியில், கடற்கரையில். ஒரே தெருவில் சுவரை ஒட்டி வாழ்ந்தவர்கள் ஒரு நாள் பயணத் தூரத்துக்குப் போய்விட்டோம். செண்பகத்துக்கு நகரப் பேருந்தில் டிரைவர் வேலை கிடைத்தது. அவள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும் அழகைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் என் நினைப்பெல்லாம் சின்னவள் மேலேயே கிடந்தது.

திட்டக் குழு அலுவலகம் எங்கள் குடியிருப்பிலிருந்து நடக்கும் தூரம். அணை கட்டி முடித்துத் தண்ணீர் நிரம்பும்வரை வருவோரை வீட்டார் போய்ப் பார்க்கலாம் என்று சட்டத்தில் ஒரு கருணை இருந்தது. நான் போனேன். என்ன சாப்பிட்டாய், என்ன பாடம், தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளும் சலிக்காமல் பதில் சொல்லுவாள்.

அவள் மங்குவதை முதலில் கவுனில்தான் கண்டுபிடித்தேன். பச்சைக் கவுன் பேசிக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமானது. அடுத்த முறை குரல் உதட்டுக்குப் பிந்தி வந்தது. இன்னொரு முறை மூக்கு வேறு யாருடையதோ போல் ஆகி, பிறகு திரும்பி வந்தது. திரை பழுது என்று நினைத்து, ஒயரைச் சரிபார்க்கட்டுமா என்று தாட்சாயணியிடம் கேட்டேன்.

"ஒயர் எல்லாம் சரியா இருக்கு சார், உக்காருங்க" என்றார். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஊர் அப்படியே இருந்தா யார் பிறப்பாங்கன்னுதான் கருவி கணக்குப் போட்டுச்சு. இப்ப ஊர் இல்லையே. கட்டவேண்டியவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறதே இல்ல. உங்க ஊர் வருவோர் எல்லாருமே மங்கிட்டு வர்றாங்க."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அணை இல்லாத ஊர்ல பொறக்குத பிள்ளைதான் அணை கேட்டுதா?"

"ஆமா சார்."

"கட்டினா அந்தப் பிள்ளையே கிடையாதா?"

"வேற பிள்ளைங்க பிறப்பாங்க. நல்லா இருப்பாங்க சார். ஃபேன் இருக்கும், ஏசிகூட இருக்கும்."

"வேற பிள்ளைக்கா நான் ஊரைக் கொடுத்தேன்?" என் குரலுக்கு மைக் தேவையில்லை. அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "எனக்கு இவதான் வேணும். இவ மூச்சு முட்டாம இருக்கணும்னுதான் கொடுத்தேன். ஏதாவது வழி சொல்லுங்கம்மா."

தாட்சாயணி நல்ல மனுஷி. பொய் சொல்லத் தெரியாமல் திணறினார். "உங்க மகளும் அந்தப் பையனும் கல்யாணம் பண்ணிக்கிட்டா தெளிவு திரும்பலாம். பழைய கணக்குல கல்யாணம் எந்த மாசமோ அதை ஒட்டியே நடந்தா வாய்ப்பு அதிகம். ஆனா சார், இது வெறும் கணக்கு. ஆள் இல்ல."

"ஓட்டுப் போடும்போது ஆளு, சாகும்போது கணக்கா?" என்றேன்.

மறுநாளே கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். உலகம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அண்ணன் வீட்டு உறவு அறுந்தது என்றே நினைத்திருந்தாளாம். கந்தப்பழம் ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தான். பாளம் பாளமாக ஐஸைத் தள்ளிக்கொண்டே என்னிடம் பேசினான். சின்ன வயதிலிருந்தே அதிர்ந்து பேசாத பையன்.

"மாமா, நான் உங்க பேச்சைத் தட்டுனவன் கிடையாது. ஆனா செண்பகத்துக்கு இஷ்டம்தானா?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்லே."

"அவளுக்கு இஷ்டம் இல்லேன்னா விட்டுருங்க மாமா. வற்புறுத்தாதீங்க. நான் அவ முகத்தைப் பாத்துக்கிட்டு ஆயுசு பூரா இருக்கணும்லா."

அந்தப் பையனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சின்னவளைப் பார்க்கப் போனேன். திரையில் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவள் போல் இருந்தாள். "நீங்க யாரு?" என்று கேட்டாள். நான் பூட்டன்ளா, பூதத்தான்ளா என்று கத்தினேன். சற்று நேரம் கழித்துத்தான், "ஆமா, சத்தக்காரரு" என்றாள்.

"கவலைப்படாத. ரெண்டு பேருக்கும் கல்யாணத்தை முடிச்சிருதேன். உன்னைக் கொண்டுவந்துருதேன்."

"வேண்டாம் பூட்டா. விட்டுருங்க."

பெரிய மனுஷி மாதிரி எனக்குச் சிரமம் வேண்டாம் என்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் அதையே மறுபடி மறுபடி சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன்.

செண்பகம் பணி முடிந்து வந்து சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"பழத்தையா? அவன் மூக்கைத் துடைச்சுவிட்டவ நான். ஒரே தட்டுல தின்னு வளந்துட்டு இப்போ புருசன்னு நினைக்கச் சொன்னா எப்படிப்பா? ஊரோட அந்தப் பேச்சும் கலைஞ்சு போச்சுன்னு நிம்மதியா இருந்தேன்."

"ஒரு பிள்ளை உசிருளா."

"எந்தப் பிள்ளை? இன்னும் பொறக்காத பிள்ளை. பொறந்த பிள்ளை ஒருத்தி இங்கன உக்காந்து சோறு தின்னுதேன், தெரியுதா?" அவள் தட்டைத் தள்ளினாள். "நான் உங்க மகளா, இல்ல அவ வந்து சேருததுக்கு ஒரு பாதையாப்பா?"

இந்தக் கேள்விக்கு ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அந்த ஆவி படிந்த முகம்தான் வந்தது. ஊரைக் கொடுத்தேன், கடையைக் கொடுத்தேன், எல்லாம் அவளுக்காக. அவளும் இல்லை என்றால் நான் எதற்காக மைக்கைப் பிடித்து அழுதேன்? சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து என் மகளின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அலறிக்கொண்டு காலை இழுத்தாள். நான் விடவில்லை.

"எந்திரிங்கப்பா. ஐயோ, எந்திரிங்க. பெத்தவர் விழலாமா?" தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சரி. கட்டிக்கிடுதேன். காலை விடுங்க."

நான் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாகவே இருந்தது. அன்றைக்கே உலகம்மாளுக்குப் போன் போட்டு நாள் குறித்துவிட்டேன், பழைய கணக்கில் வருகிற அதே மாதத்தில்.

செண்பகம் ஒன்றுதான் கேட்டாள். "தாலி கட்டுததுக்கு முன்ன அவளை நான் பாக்கணும். யாருக்காகப் போறேன்னு எனக்குத் தெரியணும்."

அவள் வார ஓய்வில் இருவரும் போனோம். தாட்சாயணி கதவிலேயே என் கையைப் பிடித்தார். "சார், நம்பவே முடியல. நீங்க நாள் குறிச்சதும் தெளிவு திரும்பிடுச்சு. நல்லாத் தெரியுறா."

உண்மைதான். கவுன் பச்சையாகவே இருந்தது. மூக்கு எங்கள் மூக்கு. நான் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "வந்துட்டியா, என் ராசாத்தி, வந்துட்டியா" என்று உளறினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க செண்பக ஆச்சியா?"

"ஆமா" என்றாள் என் மகள்.

"போட்டோவுல மாலையோடதான் பாத்திருக்கேன்." சின்னவள் திரைக்கு நெருங்கி வந்தாள். "அதே காதுதான். அதே மச்சம். ஆச்சி, நீங்க நல்லா உசரமா இருக்கிய. எங்க அப்பா பாத்தா அழுதுருவாரு. அவரு உங்களைப் பாத்ததே இல்லையே."

செண்பகம் மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெத்த மகன் பாத்ததில்லையா? யாம்?"

"அப்பா பொறக்கும்போதே நீங்க போயிட்டிய ஆச்சி. நல்ல வெயில்காலம். ஆஸ்பத்திரியில பாதி ஆபரேசன்ல கரண்ட் போயிருச்சாம். அப்பாவை மட்டும் எடுத்துட்டாவ." அவள் இதை எத்தனையோ முறை வீட்டில் சொல்லக் கேட்டவள் போல் சொன்னாள். "அப்பா தாய் இல்லாம ரொம்பச் சீப்பட்டாரு. இப்பவும் கரண்ட் போனா எழுந்து வெளிய போயிருவாரு."

எனக்கு ஒரு பிடி கிடைத்தது, அதை விடாமல் பற்றினேன். "அதுக்குத்தானே அணை கட்டுதோம்? இனிமே கரண்ட் போகாதே."

"அணை முடிய வருசக்கணக்கா ஆகும்லா பூட்டா? இப்போ கல்யாணம்னா அடுத்த வெயில்லயே அப்பா பொறந்துருவாரே. அப்போ எங்க இருந்து வரும் கரண்ட்?"

நான் தாட்சாயணியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்போ நீ யாம்ளா அணை கேட்ட?" என்று செண்பகம்தான் கேட்டாள்.

"ஓட்டுப் போடுததுக்கு முன்ன எங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னாவ ஆச்சி. ஓட்டுப் போடுதவங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சட்டமாம். அணை வந்தா ஊர் கலையும், யாரும் யாரையும் கட்ட மாட்டாங்க, நாங்க வர மாட்டோம்னு சொன்னாவ. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஊர் கலைஞ்சா உங்க கல்யாணம் நடக்காது. நடக்கலேன்னா நீங்க இருப்பிய. அதுக்குத்தான் போட்டேன். தம்பிகிட்டயும் கேட்டேன், அவனும் சரின்னுட்டான்."

நான் இரண்டு கையாலும் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை தடவை வந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"வேண்டாம்னு சொன்னேனே பூட்டா. யாம்னு நீங்க கேக்கவே இல்லையே. மொதல்லயே சொல்லியிருந்தா உங்க மக செத்ததைச் சொல்லணும். நீங்க அன்னைக்கு ஏற்கெனவே அழுதுக்கிட்டு இருந்திய."

செண்பகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உனக்கு வரணும்னு ஆசை இல்லையா?" என்று கேட்டாள்.

சின்னவள் யோசித்தாள். குழந்தைகள் பொய் சொல்லுமுன் யோசிக்கிற மாதிரிதான் இருந்தது. "ரொம்ப இல்லே ஆச்சி. இங்கன ஒரே வெயிலு." உடனே பேச்சை மாற்றினாள். "நீங்க பஸ் ஓட்டுதியளாமே? பூட்டன் சொன்னாரு. பெரிய பஸ்ஸா? உங்க சொல்லுக்கு நிக்குமா?"

என் மகள் சொன்னாள். பெரிய பஸ்தான் என்றாள். திருப்பத்தில் ஸ்டீயரிங்கை எப்படி ஒடித்துத் திருப்ப வேண்டும், படியில் தொங்குகிற காலேஜ் பையன்களை எப்படி உள்ளே விரட்ட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். சின்னவள் வாயைப் பிளந்து கேட்டாள், இடையிடையே சிரித்தாள். அத்தனை தடவை போயிருக்கிறேன், அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே செண்பகம் மடியில் போனை வைத்து, குனிந்து பார்க்காமலே கந்தப்பழத்துக்கு ஏதோ எழுதி அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கவுனின் பச்சை ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தபோது தெரிந்துகொண்டேன். சின்னவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையை ஒரு முறை பார்த்துவிட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்தப் பையங்க என்ன செஞ்சாங்க ஆச்சி?"

செண்பகம் குரல் உடையாமல் கடைசிவரை சொன்னாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை என்று ஆன பிறகும் அந்த ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

தாட்சாயணி விளக்கைப் போட்டார். நாங்கள் வெளியே வந்தோம். நல்ல வெயில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. செண்பகம் வாசல் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குக் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இத்தனை நாளா வந்து வந்து பேசியிருக்கியளேப்பா. 'என் மக செண்பகம் எப்படி இருந்தா, நல்லா இருந்தாளா'ன்னு ஒரு தடவைகூட அவகிட்ட நீங்க கேக்கலையா?"

படியில் கிடந்த செருப்புகளில் என்னுடையது எது என்று தேடுகிறவன் போல் நான் குனிந்துகொண்டேன்.